வளர்ந்தோரும் பாவையும்

பாவை என்றதும் நமக்குப் பிள்ளைகளின் நினைவே வருகின்றது. மடியிற் கிடக்கும் குழந்தைக்குப் பனையோலைக் கிலுகிலுப்பை, தளர்நடையிடும் குழந்தைக்கு நடைவண்டி, சற்று வளர்ந்த பெண்குழந்தைக்கு அம்பாசமுத்திரத்துக் கடைசற் சொப்பும் மரப்பாச்சியும் என விளையாட்டுப் பொருள்களை நாம் வயதுக்கு ஏற்ப அளந்து வைத்திருக்கின்றோம். அவ்வளவைக் கடந்து ஒருவர் பாவையைக் கையில் வைத்திருப்பாராயின் நமக்கு நகைப்பு உண்டாகின்றது. கல்லூரி விடுதிக்குப் புதிதாக வந்த மாணவி ஒருத்தியின் பெட்டியிலிருந்து பஞ்சடைத்த கரடிப் பொம்மையொன்று வெளிப்படுமாயின், அச்செய்தி மாலைக்குள் விடுதி முழுவதும் பரவிவிடும். முதியோர் இல்லத்தில் மூதாட்டி ஒருவர் துணிப் பாவையொன்றை மார்போடு அணைத்து உறங்குவாராயின், அவருக்கு அறிவு மயங்கிற்று என்று காண்போர் இரங்குவர். இந்நகைப்பும் இவ்விரக்கமும் நியாயமானவைதாமா? வளர்ந்தோர் மெல்லிய பாவையிடம் காணும் ஆறுதலுக்குக் காரணம் யாது? அவ்வாறுதல் எதுவரை செல்லும்? இம்மூன்று வினாக்களையும் ஈண்டு ஒருவாறு ஆராய்வோம்.

ஆராய்ச்சியைப் பொருநைக் கரையிலிருந்தே தொடங்கலாம். தாமிரவருணி கடலொடு கலக்கும் பகுதியில் உள்ள சிற்றூர் கொற்கை. 1986ஆம் ஆண்டில் தூத்துக்குடி மாவட்டம் தனியே பிரிக்கப்படும் வரை அது நம் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. முற்காலத்தில் அது பாண்டியரின் துறைமுகமாய் விளங்கி, முத்துக்குளிப்பால் கடல் கடந்த நாடுகளிலும் பெயர் பெற்றது. ஆறு கொணர்ந்த வண்டல் துறையைத் தூர்த்தமையால் கடல் கிழக்கே ஒதுங்கி, இன்று சில கல் தொலைவில் இருக்கின்றது. அலை புரண்ட இடத்தில் இப்பொழுது நெற்பயிரும் வாழையும் காண்கின்றோம்.

இக்கொற்கைத் துறையை ஐங்குறுநூற்றின் நெய்தற் பகுதியில் இருமுறை எடுத்துப் பாடியவர் அம்மூவனார் என்னும் புலவர். அவரே அப்பகுதியில் வேறொரு பாட்டில் வண்டற்பாவை ஒன்றைப் பற்றியும் பாடியுள்ளார். வண்டற்பாவையாவது, நெய்தல் நிலத்து மகளிர் கடற்கரை ஈரமணலைப் பிடித்துச் செய்யும் பாவை. மகள் ஒருத்தி செய்த அப்பாவையை அலை வந்து கொண்டுபோய்விட்டது. அவள் சினந்து, நுண்மணலை அள்ளி அள்ளி எறிந்து அக்கடலையே தூர்க்கத் தொடங்கினாள் என்பது அப்பாட்டின் பொருள். அப்பாட்டில் ஊர்ப்பெயர் இல்லை. ஆயினும் கொற்கையைக் கண்ட நமக்கு, அவள் தூர்க்க முயன்ற கடலைப் பொருநை தூர்த்து முடித்துவிட்டது என்ற எண்ணம் எழாமற் போகாது.

இப்பாட்டில் நாம் கருத்தில் கொள்ளவேண்டியது மற்றொன்று. அவள் பால்மணம் மாறாத சிறுமி அல்லள். தலைவன் ஒருவனுக்கு உரியவள் என்று பிறரால் சுட்டப்படும் பருவத்தினள். அத்தலைவனை நோக்கி, 'நின்னவளைக் கண்டோம்' என்று சொல்லுபவள், அவளுடைய பேதைமையைக் குறித்து நகையாடுவதாகவே பாட்டு அமைந்துள்ளது. வளர்ந்தவள் பாவைக்காக வருந்தினால் நகைக்கும் வழக்கம் இன்று தோன்றியதன்று என்பது இதனாற் பெறப்படும்.

ஐங்குறுநூற்றின் பாலைப் பகுதியைப் பாடிய ஓதலாந்தையார் இதனினும் ஆழ்ந்த நிலையொன்றைக் காட்டுகின்றார். மகட்போக்கியவழித் தாயிரங்கு பத்து என்பது அப்பகுதியிலுள்ள பத்துப் பாட்டுக்களின் பெயர். மகள் தான் விரும்பியவனோடு சுரம் கடந்து போய்விட்டாள். தாய் வெறுவீட்டில் நிற்கின்றாள். மகள் வைத்து விளையாடிய பாவை கண்ணிற் படுகின்றது. அவள் வளர்த்த கிளியும் பூவையும் படுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாய்ச் சுட்டிச் சுட்டிக் காணுந்தோறும் கலங்குகின்றாள் அத்தாய். ஈண்டுப் பாவையின் முன் நிற்பவள் பெற்று வளர்த்த முதுமகள். விளையாட்டு அவள் உள்ளத்தில் இல்லை. மகளின் கை பட்டுப் பட்டுப் பழகிய பொருள் அது. மகள் இல்லாதபோது மகளின் கைக்கு மிக அண்மையில் இருப்பது அதுவே. அதைக் காண்பது துயர் தரும் என்று அறிந்தும் அவள் கண்ணை எடுக்கவில்லை. ஆறுதலும் துயரும் ஒரே பொருளில் உறைவதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

திருவள்ளுவரும் மக்கட்பேற்றைக் கூறுமிடத்து, மக்கள் தம் மெய்யைத் தீண்டுவது பெற்றோரின் உடலுக்கு இன்பம் என்றும், அவர் சொல்லைக் கேட்பது செவிக்கு இன்பம் என்றும் பிரித்துக் கூறினார். தீண்டுதல் குழந்தைக்கு வேண்டும் என்பதை யாவரும் ஒப்புவர். வள்ளுவரோ தீண்டப்படும் பெரியோரின் இன்பத்தைப் பேசுகின்றார். அவ்வின்பம் ஒருவருக்கு உரியதாயின், அதை இழத்தலும் ஒரு குறையாகத்தானே இருத்தல் வேண்டும்? செவிக்குரிய இன்பம் குறைந்தால் தொலைபேசியில் மகனின் குரலைக் கேட்டு ஒருவாறு நிரப்பிக்கொள்ளலாம். மெய்க்குரிய இன்பத்தை எந்தக் கம்பியும் கொண்டுவந்து கொடுப்பதில்லை.

இனி, உடல்நூலார் கூறுவதை நோக்குவோம். தொடுகையையும் வெப்பத்தையும் உடல் எவ்வாறு உணர்கின்றது என்பதைக் கண்டறிந்தமைக்காக டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படாபூட்டியன் என்னும் இருவருக்கு 2021ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது. நம் தோலில் உள்ள தொடு நரம்புகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. ஒருவகை நரம்பு, தொட்ட பொருள் சொரசொரப்பானதா வழுவழுப்பானதா என்பதை விரைந்து அறிவிக்கின்றது. மற்றொருவகை நரம்பு, பெரும்பாலும் மயிருள்ள தோலில் இருப்பது, மெல்ல வருடுவதற்கு மட்டும் நன்கு இசைகின்றது. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வரையுள்ள வேகத்தில் வருடும்போது அது மிகுதியாகத் தூண்டப்படுகின்றது என்றும், அதே வேகத்தையே மக்கள் இனிமையானதாக உணர்கின்றனர் என்றும் 2009இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. தாய் தன் பிள்ளையின் முதுகை வருடுவதும் ஏறத்தாழ இவ்வேகத்திலேதான். இந்நரம்பு குழந்தைப் பருவம் கழிந்ததும் உதிர்ந்துவிடும் பாற்பல் அன்று, முதியோரிடத்தும் உள்ளது. ஆதலின் அதற்குரிய பசியும் முதியோரிடத்து உண்டு என்று கொள்வதில் தவறில்லை.

பஞ்சுப் பாவைக்கு உயிரில்லை. அது நம்மை வருடாது. ஆயினும் அதை அணைக்கும்போது கையிலும் மார்பிலும் மெல்லிய அழுத்தம் உண்டாகின்றது. பஞ்சு வெப்பத்தை எளிதில் வெளியே விடாமையால், நம் உடற்சூட்டையே சேர்த்து வைத்து நமக்குத் திருப்பித் தருகின்றது. சிறிது நேரத்தில் அணைத்த பொருள் அணைத்தவரின் உடம்பளவு சூடு பெறுகின்றது. கடன் வாங்கிய சூடே என்றாலும், குளிர்ந்த படுக்கையில் தனித்துக் கிடப்பவருக்கு அது சிறிதன்று.

மென்மைக்கு உள்ள இவ்வாற்றலை வெளிப்படையாகக் காட்டியவர் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து உளநூற் பேராசிரியர் ஹாரி ஹார்லோ. அவர் தாயினின்று பிரித்த குரங்குக் குட்டிகளுக்கு இரண்டு பொய்த்தாயரைச் செய்து வைத்தார். ஒன்று வெறுங் கம்பியால் ஆயது. மற்றொன்று மெல்லிய துணி போர்த்தது. கம்பித்தாயிடம் மட்டும் பால் வைத்திருந்தபோதும், குட்டிகள் பால் குடிக்கும் நேரம் போக எஞ்சிய பொழுதெல்லாம் துணித்தாயையே பற்றிக்கொண்டிருந்தன. அச்சுறுத்தும் பொருளொன்றைக் கூண்டிற்குள் விட்டால் ஓடிச்சென்று துணித்தாயைக் கட்டிக்கொண்டன. அன்பு பாலைப் பின்தொடர்ந்து வருவது என்று அதுவரை பலர் கருதியிருந்தனர். 1958இல் ஹார்லோ வெளியிட்ட இம்முடிவு அக்கருத்தை மாற்றிற்று. அக்குட்டிகள் பட்ட துன்பத்தை எண்ணுங்கால் இச்சோதனையை இன்று மனம் ஒப்புவதில்லை. எனினும் அது கற்பித்த பாடத்தை மறத்தல் அத்துன்பத்தை வீணாக்குவதாகும்.

இலண்டனில் குழந்தை மருத்துவராயும் உளநூலாராயும் விளங்கிய வின்னிகாட் என்பார், 1951இல் படித்த கட்டுரையொன்றில், குழந்தை விடாது பற்றித் திரியும் துணித்துண்டையும் பாவையையும் பற்றி விளக்கினார். தாயும் தானும் வேறு என்று குழந்தை உணரத் தொடங்கும் காலத்தில், அவ்விடைவெளியைக் கடக்க உதவும் பாலம் அப்பொருள் என்பது அவர் கருத்து. குழந்தை தானே விடும்வரை பெற்றோர் அதைப் பறிக்கலாகாது என்றும் அவர் கருதினார். நாம் இதனோடு ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். இடைவெளி குழந்தைப் பருவத்தோடு முடிவதில்லை. வீட்டை விட்டு விடுதிக்கு வருதல், துணையை இழத்தல், பிள்ளைகள் அயல்நாடு செல்லுதல் ஆகிய ஒவ்வொன்றும் ஓர் இடைவெளியே.

இன்று உலகெங்கும் விற்கும் பஞ்சுப் பொம்மையின் வரலாறும் சிந்திக்கத் தக்கது. செருமானிய நாட்டில் மார்கரேத் ஷ்டைஃப் என்னும் பெண்மணி இளமையில் இளம்பிள்ளை வாதத்தால் நடை இழந்தவர். தையல் தொழிலால் வாழ்ந்தவர். அவர் 1880இல் யானை வடிவான ஒரு சிறு பொருளைத் துணியாற் செய்தார். தைக்கும் பெண்டிர் ஊசி செருகி வைப்பதற்காகச் செய்த பஞ்சணை அது. பிள்ளைகள் அதைக் கண்டு விளையாட்டுப் பொருளாக எடுத்துக்கொண்டனர். அதிலிருந்து பெருந்தொழில் வளர்ந்தது. 1902இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், வேட்டையில் மரத்தோடு கட்டப்பட்டிருந்த கரடியொன்றைச் சுட மறுத்தார். அச்செய்தி கேலிச்சித்திரமாக வெளிவந்தபின், நியூயார்க் நகரின் புரூக்ளினில் கடை வைத்திருந்த மோரிஸ் மிக்டம் என்பவர் கரடிப் பொம்மை செய்து அத்தலைவரின் செல்லப்பெயரான 'டெடி' என்பதை அதற்கு இட்டார். ஒன்று வளர்ந்தோரின் கைக்கென்றே பிறந்தது. மற்றொன்று கொல்லாமற் போன ஓர் இரக்கத்திலிருந்து பிறந்தது. இவற்றைப் பிள்ளைகளுக்கே உரியவை என்று நாம் பின்னால் வகுத்துக்கொண்டோம்.

நம் நாட்டு நிலை வேறு. நம்முடைய பழைய பாவைகள் மரத்தாலும் மண்ணாலும் ஓலையாலும் ஆயவை. அணைத்துறங்க ஏற்றவை அல்ல. அப்படியாயின் நம்மவர் மென்மைக்கு எதை நாடினர்? அம்மையின் பழஞ்சேலையை நாடினர். பலமுறை துவைத்து நைந்த பருத்திச் சேலைக்கு ஒப்பான மென்மை வேறு எத்துணிக்கும் இல்லை. குழந்தைக்கு அதுவே தொட்டில். சற்று வளர்ந்தபின் அதுவே போர்வை. தாய் மறைந்தபின் பெட்டியின் அடியில் மடித்து வைக்கப்படுவதும் அதுவே. அறுபது வயதான மகன் யாரும் காணாதபோது அப்பெட்டியைத் திறந்து அச்சேலையை முகத்தில் வைத்துக்கொள்வதை நாம் நகைப்பதில்லை. பஞ்சுக் கரடியை நகைத்து, பழஞ்சேலையைப் போற்றுதல் பொருந்துமோ? இரண்டும் செய்வது ஒரே தொழிலே.

மற்றொரு வேறுபாடும் உண்டு. மேனாட்டார் போலக் கட்டித் தழுவி முகமன் கூறும் வழக்கம் நமக்கில்லை, கைகூப்பி வணங்குகின்றோம். பிள்ளை வளர்ந்தபின் தந்தை அவனைத் தழுவுவது அருகியே காணப்படுவது. ஆயினும் நம் வீடுகளில் தொடுகை இல்லாமலில்லை. அது வேலையின் பெயரால் நடந்தது. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்தல், திண்ணையில் அமர்ந்து பேன் பார்த்தல், சடை பின்னுதல், மருதாணி இடுதல், நெடுவழி நடந்து வந்தவரின் காலைப் பிடித்துவிடுதல், காய்ச்சலுற்றவரின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தல், பெரியோர் தலைமீது கை வைத்து வாழ்த்துதல் ஆகிய இவையெல்லாம் அன்பென்று பெயர் சொல்லாமலே மெய் தீண்டிய முறைகள். ஆச்சிக்குத் தலைவாரிய பேத்தி தான் அவர்க்கு ஆறுதல் அளிப்பதாக எண்ணியிருக்க மாட்டாள். வேலை முடிந்தது என்றே எண்ணியிருப்பாள்.

இவ்வேலைகள் இப்பொழுது குறைந்து வருகின்றன. எண்ணெய்க் குளியலுக்கு நேரமில்லை. காய்ச்சலைக் கருவி அளக்கின்றது. பேத்தி சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கின்றாள். வேலையோடு வேலையாய் மறைந்திருந்த தொடுகையும் உடன்போயிற்று. போனது எண்ணெய்க் குளியல் என்று நாம் கணக்கிடுகின்றோம். அதனோடு போன மற்றொன்றைக் கணக்கில் எழுதுவதில்லை. பொருநைக் கரை ஊர்களில் பெரிய வீடுகளைத் தனியராய்க் காத்திருக்கும் முதியோர் பலர் உளர். பணத்துக்குக் குறைவின்றி, நாள்தோறும் பிள்ளைகளின் குரலும் முகமும் கருவி வழியே வந்துகொண்டிருந்தும், திங்கள் முழுவதும் ஒருவர் கையும் தம்மீது படாமல் வாழ்தல் அவர்க்குக் கூடியதாயிற்று. 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொரோனா நோயை முன்னிட்டு நாடு முழுவதும் முடக்கப்பட்டபோது, இந்நிலை சில காலம் யாவருக்கும் பொதுவாயிற்று. அப்பொழுது நாம் அறிந்ததை இப்பொழுது மறவாதிருத்தல் நன்று.

தொடுகையை மறுத்தல் எத்துணைக் கொடுமை என்பதை நம் நாடு வேறு வழியாலும் அறியும். மக்களுள் ஒரு பகுதியினரைத் தீண்டலாகாது என்று ஒதுக்கி, அதற்கு ஒரு பெயரும் வைத்த நாடு இது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் அதைக் குற்றமாக்கிற்று. தொழுநோயாளரும் அவ்வாறே ஒதுக்கப்பட்டனர். 1946இன் இறுதியில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர், தொழுநோயாளரின் கைகளைச் சீர்படுத்தும் சிகிச்சையில் உலகப் புகழ் பெற்றவர். இளைஞர் ஒருவரின் தோளில் கை வைத்து அவர் சிகிச்சை முறையை விளக்கிக்கொண்டிருந்தபோது, அவ்விளைஞர் தேம்பி அழுதார். மருத்துவர் தாம் தவறாக ஏதும் கூறிவிட்டோமோ என்று அஞ்சி வினவினார். பல ஆண்டுகளாகத் தம்மை ஒருவரும் தொட்டதில்லை, இவர் தோளில் கை வைத்தமையால் அழுகின்றேன் என்பது கிடைத்த விடை. இந்நிகழ்ச்சியைப் பிராண்ட் தம் நூலில் குறித்துள்ளார். மருந்து இன்னும் உடம்பிற் செல்லவில்லை. கை முன்னே சென்றுவிட்டது.

இனி, பாவையின் ஆற்றல் எதுவரை செல்லும் என்பதை நோக்குவோம். சிங்கப்பூரில் மூவர் செய்து 2011இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றுண்டு. பிறரால் ஒதுக்கப்பட்ட உணர்வை உண்டாக்கியபின், சிலர்க்குக் கரடிப் பொம்மையைத் தொடக் கொடுத்தனர். சிலர்க்குக் காட்ட மட்டும் செய்தனர். தொட்டவர்கள் பிறர்க்கு உதவ மிகுதியாக முன்வந்தனர். சிறு சோதனை ஆதலின் இதனை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. எனினும் ஒதுக்கப்பட்டவரை மீண்டும் மக்களிடம் செலுத்தும் தன்மை பாவைக்கு இருக்கக்கூடும் என்பது கவனிக்கத்தக்கது. ஜப்பானிய அறிஞர் தாக்கனோரி ஷிபாதா கடல்நாய்க் குட்டி வடிவில் பாரோ என்னும் பொறிப்பாவையை அமைத்தார். மெல்லிய மயிர் போர்த்த அது, தடவினால் தலை அசைத்துக் குரல் கொடுக்கும். நினைவிழப்பு நோயுற்ற முதியோர் இல்லங்களில் அது பல நாடுகளிலும் பயன்படுகின்றது. சாதாரணத் துணிப் பாவையே சில முதியோரின் கலக்கத்தைத் தணிப்பதையும் செவிலியர் கண்டுள்ளனர். முதியோரைக் குழந்தையாக்குவது அவர் மதிப்பைக் குறைப்பதாகும் என்று தடை கூறுவாரும் உளர். அவர் விரும்பி எடுத்தால் பறியாதிருத்தலும், விரும்பாதபோது திணியாதிருத்தலும் இவ்விரு கருத்தையும் காக்கும் நெறியாகும்.

ஹார்லோவின் குட்டிகளைப் பற்றிய பிற்செய்தியை ஈண்டுக் கூறல் வேண்டும். துணித்தாயோடு மட்டும் தனித்து வளர்ந்த அக்குட்டிகள், வளர்ந்தபின் தம் இனத்தோடு பழக அறியாமல் துன்புற்றன. அவற்றுட் சில தாயானபோது தம் குட்டியை ஏற்கவும் அறியவில்லை. ஒத்த குட்டிகளோடு விளையாட விடப்பட்டவையோ பெரிதும் தேறின. துணி அச்சத்தைத் தணித்தது, வாழக் கற்பிக்கவில்லை. பற்றிக்கொண்டதைத் துணி தாங்கிற்று. அது திரும்பப் பற்றவில்லை. வளர்ந்தோர் கைப் பாவைக்கும் எல்லை இதுவே. அது பசியைத் தாங்கவைக்கும் கஞ்சி. அதையே விருந்தென்று நாம் பிறர்க்குப் படைத்தலாகாது. தொலைநாட்டிலிருந்து தாய்க்கு விலையுயர்ந்த பொம்மையொன்றை அனுப்பிவிட்டுக் கடன் தீர்ந்தது என்று எண்ணும் மகன், பாவையின்மேல் அது சுமக்க இயலாத பாரத்தை ஏற்றுகின்றான்.

மாணவ நண்பர்களே, இவ்வாராய்ச்சியால் நாம் கொள்ளத்தக்கன இரண்டு. விடுதித் தோழர் ஒருவரின் தலையணைக்கீழ்ப் பாவையொன்றைக் காண்பீராயின் அதைக் கொண்டு கூட்டத்தில் நகையாடாதீர். வீட்டை விட்டு வந்த இரவுகளை அவர் தமக்குத் தெரிந்த வழியில் கடக்கின்றார். நகைப்பு அவரிடமிருந்து அவ்வழியையும் பறித்துவிடும். இரண்டாவது, வரும் விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது ஆச்சியிடமோ தாத்தாவிடமோ நலம் விசாரித்துவிட்டு வாயிற்படியோடு திரும்பாதீர். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துச் சென்று, 'தலையைக் காட்டுங்கள்' என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வற்புறுத்த வேண்டா. காலையேனும் பிடித்துவிடட்டுமா என்று வினவுங்கள். வேலையின் பெயரால் கேட்டால் நம்மவர் மறுப்பது அரிது. அரைமணி நேரம் விரையாமல் அவ்வேலையைச் செய்யுங்கள்.